பிளஸ் டூ வகுப்புக்கு ஒரு நினைவு மலர்: பெயர்ப் பட்டியலில் தொடங்கி அச்சகம் வரை

பிரிவு உபசார விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பல வகுப்புகளில் "நாமும் ஒரு மலர் போடலாமே" என்ற பேச்சு எழுகிறது. அன்று மாலையே யாராவது ஒருவர் கைபேசியில் அட்டைப்படம் செய்து குழுவில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு உள்ளே வைக்க எதுவும் இருக்காது. எங்கிருந்தோ எடுத்த பிரிவுக் கவிதைகள், வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி மங்கிப்போன படங்கள், நாலைந்து பேர் எழுதிய கட்டுரைகள், அவ்வளவுதான். பத்து ஆண்டு கழித்து அந்த மலரைப் பிரிக்கிறவர் முதலில் தேடுவது தன் பெயரை. அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயரை. அந்த இரண்டும் பிழையில்லாமல் இருந்துவிட்டால் அட்டை சுமாராக இருந்தாலும் அந்த மலர் வீட்டில் நிலைக்கும். அதனால் வேலையைப் பெயரில் தொடங்கி, அட்டையில் முடியுங்கள்.

கீழே சொல்வது, சிறிய ஊர் ஒன்றின் அரசு அல்லது அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடிக்கும் 63 பேர் கொண்ட வகுப்பை மனத்தில் வைத்து. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது எதைச் செய்வது

ஆகஸ்டில் தொடங்குங்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வரும். அதற்கு முன்பே பெயர்ப் பட்டியலும் குழுப்படமும் முடிந்துவிட வேண்டும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறாகிவிடும், வெளிச்சமும் போதாது. நினைவுகளைச் சேகரிக்க அக்டோபரும் நவம்பரும். அரையாண்டு விடுமுறையில் பக்க வடிவமைப்பு. ஜனவரி முதல் வாரம் மெய்ப்புப் பார்க்க. பொங்கலுக்கு முன்பே கோப்பு அச்சகத்துக்குப் போய்விட வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்றால், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வும் மார்ச்சில் பொதுத்தேர்வும் இருக்கின்றன. ஜனவரிக்குப் பிறகு மலர் வேலையில் யாரும் இருக்கக் கூடாது, இருக்க வீட்டிலும் விடமாட்டார்கள். அச்சகத்துக்கும் ஒரு பருவம் உண்டு. ஆண்டுக் கடைசியில் நாள்காட்டி, டைரி வேலை குவியும். தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகை தொடங்கிவிடும். உள்ளூர் அச்சகத்தார் பலர் வண்ண அச்சுக்கு சிவகாசிக்கு அனுப்பி வாங்குவார்கள். அப்படியானால் போக வர இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். "எத்தனை நாளில் தருவீர்கள்" என்று கேட்பதோடு நிற்காமல் "எங்கே அச்சாகும்" என்றும் கேட்டுவிடுங்கள்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது முதல் நாள் வேலை. மலர், பணம் திரட்டுவது, படம் எடுப்பது மூன்றையும் ஒரே கடிதத்தில் குறிப்பிட்டு, பொறுப்பாசிரியர் ஒருவரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

பெயர்ப் பட்டியல்

வருகைப் பதிவேட்டில் இருப்பது இன்று வகுப்பில் இருப்பவர்கள் மட்டும். ஒரு சிறிய ஊர்ப் பள்ளியின் வகுப்பு அப்படி ஒரே நாளில் சேர்ந்த கூட்டம் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரு பகுதி. சுற்றுக் கிராமங்களின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் எட்டாவது முடித்து ஒன்பதில் வந்தவர்கள் இன்னொரு பகுதி. பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் மூன்றாவது. மலர்க் குழுவில் பெரும்பாலும் முதல் பகுதியினரே இருப்பதால், "நம் ஏழு ஆண்டுகள்" என்று தலைப்புப் போட்டு அவர்கள் கதையையே எழுதிவிடுகிறார்கள். இரண்டே ஆண்டு உடன் படித்தவர் அதில் தன்னைத் தேடி ஏமாறுகிறார். பட்டியல் போடும்போதே ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் சேர்ந்த வகுப்பைக் குறித்து, மூன்று பகுதியிலிருந்தும் மலர்க் குழுவுக்கு ஆள் எடுங்கள். குரூப் வாரியாகவும் பாருங்கள்: கணிதம், உயிரியல், வணிகவியல் இருக்கும், தொழிற்கல்விப் பிரிவு மட்டும் விடுபட்டிருக்கும்.

அடுத்து, இடையில் போனவர்கள். பத்தாவதோடு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போனவர்கள், அப்பாவின் வேலை மாற்றத்தால் ஊர் மாறியவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள். இவர்களுக்கு "நம்மோடு படித்தவர்கள்" என்று ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். பெயரும், எந்த வகுப்பு வரை உடன் இருந்தார் என்பதும் போதும். ஏன் போனார் என்று எழுத வேண்டாம். அந்தக் காரணம் அவருடையது. இயன்றவரை அவர்களிடம் நேரில் சொல்லி அனுமதி வாங்குங்கள். பலருக்கு அந்தச் செய்தியே பெரிய மகிழ்ச்சியாக இருக்கும். உடன் படித்த யாரேனும் இறந்திருந்தால், ஆசிரியர் ஒருவரோடு பெற்றோரைப் போய்ப் பாருங்கள். எந்தப் படம், என்ன வாசகம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் அதிகப் பிழை நேர்கிறது. முன்னெழுத்து தமிழிலா, ஆங்கில ஒலியிலா, அதாவது "மு." என்றா, "எம்." என்றா. அப்பா முன்னெழுத்து மட்டுமா, அம்மாவுடையதும் சேர்த்தா. "சரண்யா"வா "சரன்யா"வா, "கார்த்திக்"கா "கார்த்திக்கா"வா. நீங்களாக ஒரு முடிவுக்கு வராதீர்கள். பட்டியலைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே திருத்திக் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாள்தான் கடைசி வரை மூலப்படி. அதற்குப் பிறகு வேறு எங்கிருந்தும் பெயரை எடுத்து ஒட்டக் கூடாது.

ஆசிரியர் பட்டியலுக்கும் இதே கவனம் வேண்டும். ஆண்டுதோறும் மாறுதல் கலந்தாய்வு நடப்பதால், உங்களுக்கு ஆறாவதில் தமிழ் எடுத்தவர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கலாம். பெயர், பாடம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் சம்பளம் பெற்ற தற்காலிக ஆசிரியர்கள் அலுவலகப் பட்டியலில் இல்லாமல் போகக்கூடும்; அவர்களை மாணவர்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். சத்துணவுக் கூடத்து அக்காக்கள், ஆய்வக உதவியாளர், எழுத்தர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர் பெயர்களும் முன்னெழுத்தோடு வேண்டும். "சமையல் அக்கா", "வாட்ச்மேன் தாத்தா" என்று மட்டும் போட்டு, ஆசிரியர்களுக்கு முழுப் பெயர் போடுவது சரியில்லை.

ஆண்டு வரிசை

எல்லாருக்கும் பொதுவான ஆறு பக்கங்கள் இவை. நினைவை மட்டும் நம்பி எழுதினால் எட்டாவதில் நடந்தது ஒன்பதுக்குப் போய்விடும். ஒரு பெரிய சார்ட்டில் ஏழு கட்டம் போட்டு, முதலில் உறுதியான தேதிகளை நிரப்புங்கள். பிறகு மற்றவை அவற்றைச் சுற்றி வந்து உட்காரும்.

2026 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய வகுப்பை எடுத்துக்கொண்டால் அதன் கட்டங்கள் இப்படி அமையும். 2019 ஜூனில் ஆறாம் வகுப்பு. 2020 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டது. ஆண்டுத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி. ஏழாம் வகுப்பு முழுவதும் வீட்டில். எட்டாம் வகுப்பில், 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி வகுப்பறை. 2022 ஜனவரியில் மீண்டும் மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். 2024-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 2025 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்டது. ஆக, வழக்கமான வரிசையில் அந்தத் தேர்வை எழுதிய கடைசி வகுப்பு இதுதான். இந்த ஒரு வரி மலரில் இருந்தால், தம்பி தங்கைகள் பிற்காலத்தில் படிக்கும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் முடிப்பவர்களுக்குக் கட்டம் ஒவ்வொன்றாக நகரும். 2027-ல் முடிப்பவர்கள் 2020-ல் ஆறாவதில் சேர்ந்தவர்கள். அந்தப் பள்ளியில் அவர்களுடைய முதல் வகுப்பறை நாள் எது என்பதே விசாரித்து எழுத வேண்டிய சங்கதி.

அந்த மூடியிருந்த காலத்தை "கொரோனாவால் ஓராண்டு வீணானது" என்று ஒரே வரியில் கடந்துவிடாதீர்கள். மற்ற ஆண்டுகளை எல்லா மலர்களிலும் பார்க்கலாம். இந்த ஆண்டு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்க வேண்டியவை ஏராளம். பாடப்புத்தகம் வாங்க எந்த நாள் பள்ளிக்கு வந்தீர்கள், வரிசை எங்கே நின்றது? கல்வித் தொலைக்காட்சியை யார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? கைபேசி வீட்டில் எத்தனை, அக்காவும் தம்பியும் எப்படிப் பங்கிட்டீர்கள்? சிக்னல் கிடைக்க எங்கே ஏறினீர்கள், மொட்டைமாடியா, குளத்துக் கரையா? சத்துணவுக்குப் பதிலாகத் தந்த அரிசி, பருப்பை யார் வந்து வாங்கினார்கள்? 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எந்தத் திண்ணையில் நடந்தது, தன்னார்வலர் யார்? அந்த நாட்களில் யார் யார் வேலைக்குப் போனார்கள் என்ற கேள்வியை மட்டும் பொதுவில் கேட்க வேண்டாம். சொல்ல விரும்புகிறவர் தானாக எழுதுவார். வீட்டில் உயிரிழப்பு நேர்ந்தவர்களிடமும் அப்படியே.

தேதியைச் சரிபார்க்க நல்ல சான்றுகள் பள்ளியிலேயே உண்டு: சேர்க்கைப் பதிவேடு, விளையாட்டு விழா அழைப்பிதழ், சான்றிதழ்களில் இருக்கும் தேதி, பழைய வாட்ஸ்அப் குழுச் செய்திகள், கைபேசிப் படத்தின் விவரத்தில் பதிந்திருக்கும் நாள். அனுப்பி வாங்கிய படத்தில் அந்த நாள் அழிந்திருக்கும்; எடுத்தவரின் கைபேசியிலேயே பாருங்கள்.

நினைவுகளைக் கேட்டு வாங்குவது

"மறக்க முடியாத நாள் எது?" என்று தாள் கொடுத்தால் 63-ல் பாதிப் பேர் சுற்றுலாவையும் மீதிப் பேர் ஆண்டு விழாவையும் எழுதித் தருவார்கள். கேள்வி பொத்தாம் பொதுவாக இருப்பதுதான் காரணம். கை வைத்துக் காட்டக்கூடிய பொருளைக் கேளுங்கள்.

ஆறாவதில் எந்த வரிசையில், யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? மதியச் சாப்பாடு எந்த மரத்தடியில், யார் டப்பாவில் என்ன இருந்தால் எல்லாரும் கை போடுவீர்கள்? எந்தப் பேருந்தில் வந்தீர்கள், அதைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு? வேதியியல் ஆய்வகத்தில் உங்கள் கையால் உடைந்தது எது? இலவச மிதிவண்டி கிடைத்த அன்று வீடு வரை ஓட்டிப் போனீர்களா, தள்ளிக்கொண்டு போனீர்களா? எந்த ஆசிரியரின் எந்தச் சொல் இன்னும் வாயில் வருகிறது? பள்ளி மணி எதனால் ஆனது, அதை அடிக்கும் உரிமை யாருக்கு இருந்தது?

இப்படி ஏழு கேள்வி போதும். தனித்தனியாக எழுதச் சொல்வதைவிட நான்கு நான்கு பேராக உட்கார வைத்துப் பேசவிடுவது நல்லது. ஒரே கிராமத்திலிருந்து ஒரே பேருந்தில் வருகிறவர்களை ஒரு குழுவாக்கினால் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும். ஒருவர் தவறாகச் சொன்னதை இன்னொருவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் நல்ல செய்தி வெளிவரும். 20 நிமிடம், நடுவில் ஒரு கைபேசி, பதிவு ஓடட்டும். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் இரைச்சல்தான் பதியும். பேசத் தொடங்குமுன் நால்வரும் தம் பெயரைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு குரல் யாருடையது என்று தெரியாது. அன்று இரவே ஒருவர் கேட்டு எழுதிவிடுவது நல்லது. ஒரு வாரம் விட்டால் 16 பதிவு சேர்ந்து மலைப்பாகிவிடும்.

எழுதும்போது பேசியவரின் வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். "அங்கன", "அப்புறமேட்டுக்கு", "எங்கூட்ல" என்றெல்லாம் அவர் சொன்னால் அப்படியே நிற்கட்டும். அதை மேடைத் தமிழாக்கினால் 63 பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒருவருக்கு 70 சொல் அளவு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசுகிறவருக்கு 200 சொல், கூச்சப்படுகிறவருக்கு 15 சொல் என்று விட்டால் அச்சில் அது மதிப்பெண் பட்டியல் போலத் தெரியும். அதிகமாகக் கிடைத்த நல்ல பகுதிகளுக்குத் தனியாக நான்கு பக்கம் இருக்கிறது.

ஊர்ப் படம் ஒன்றையும் வரையச் சொல்லுங்கள். பள்ளி நடுவில், ஜெராக்ஸ் கடை, பேருந்து நிறுத்தம், மாங்காய் விற்கும் பாட்டி உட்காரும் இடம், மழை நாளில் ஒதுங்கும் கூரை, மிதிவண்டி பஞ்சர் ஒட்டும் கடை எல்லாம் சுற்றிலும். கையால் கறுப்பு மையில் வரைந்து 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் அச்சில் அழகாக வரும். பென்சிலில் வரைந்தது மங்கிவிடும்.

அச்சில் வரக் கூடாதவை

சிறிய ஊரில் ஒரு புத்தகம் எல்லா வீட்டுக்கும் போகும். அதனால் இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். கைபேசி எண், வீட்டு முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர் எவருடையதும் வேண்டாம், பெண் பிள்ளைகளுடையது எந்த நிலையிலும் வேண்டாம். யாரையும் யாரோடும் சேர்த்துக் கிண்டலாக எழுதியது போகவே கூடாது; வகுப்புக்குள் அது விளையாட்டு, ஒரு வீட்டில் அது படிப்பையே நிறுத்திவிடும். சாதிப் பெயர், சாதியைக் குறிக்கும் கயிறு தெரியும் படம், உடல் நிறத்தையோ எடையையோ சொல்லும் பட்டப்பெயர் எதுவும் வேண்டாம். மற்ற பட்டப்பெயர்களை உரியவர் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டும் போடலாம். சிரித்துக்கொண்டே "போடு, பரவாயில்ல" என்று சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனிப்படம் வேண்டாம் என்கிறவர்களின் இடத்தில் அவர்களே எழுதிய கையெழுத்தை ஸ்கேன் செய்து வைக்கலாம். மதிப்பெண்ணும் வேண்டாம்.

குழுப்படம்

காலை 8-லிருந்து 9-க்குள், கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தில் எடுங்கள். வேப்ப மரத்தடி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். அதைப் பிறகு எந்த மென்பொருளிலும் சரிசெய்ய முடியாது.

63 மாணவருக்கு வரிசை இப்படி: தரையில் 16, நாற்காலியில் தலைமையாசிரியரையும் சேர்த்து 14 ஆசிரியர், பின்னால் நின்று 16, பெஞ்சின் மேல் 16, மேசையின் மேல் 15. மேசை ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் இருவர் ஏறிப் பார்க்கட்டும். நாற்காலி எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். காரணம், இந்தப் படம் மலரின் நட்ட நடுவில் இரண்டு பக்கம் விரிந்து வரும். நடு மடிப்பில்தான் பின் குத்தும். 13 நாற்காலி போட்டால் நடுவில் இருக்கும் தலைமையாசிரியரின் முகத்திலேயே பின் இறங்கும். 15 பேர் நிற்கும் வரிசையை 7, 8 எனப் பிரித்து நடுவில் ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

படம் எடுப்பவர் 8 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே போய் அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டுவிடும். இரு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். 15 தடவையாவது எடுங்கள். 77 பேரில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். கண்ணாடி போட்டவர்கள் தலையை ஒரு நூல் தாழ்த்தினால் கண்ணாடியில் வானம் தெரியாது.

படம் எடுத்து முடிந்ததும் யாரும் கலையக் கூடாது. கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒருவர் வரிசை வரிசையாக நடக்க, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் முன்னெழுத்தோடு தம் பெயரைச் சொல்லட்டும். மூன்று நிமிடம் ஆகும். இதைச் செய்யாத வகுப்புகள் பிறகு படத்தைப் பெரிதாக்கி, மூன்றாம் வரிசையில் பாதி மறைந்த முகம் யார் என்று நாள்கணக்கில் தேடுகின்றன. "இடமிருந்து வலம்" என்பது படத்தைப் பார்க்கிறவரின் இடம். வரிசையில் நிற்பவரின் இடம் இல்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1600 புள்ளியாக (பிக்சல்) குறைந்த படம் 300 டிபிஐ-யில் 13.5 சென்டிமீட்டர்தான் வரும். விரிபக்கத்துக்கு 42 சென்டிமீட்டர் வேண்டும். 4000 புள்ளி அகலமுள்ள மூலப்படம் இருந்தால் ஏறத்தாழ 240 டிபிஐ கிடைக்கும், அது போதும். கோப்பாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென்டிரைவில் வாங்குங்கள். தனிப்படங்களுக்கு 3.5 × 4.5 சென்டிமீட்டர் அளவில் 413 × 531 புள்ளி தேவை. எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே சுவர் முன்னால் எடுத்துவிட்டால், ஒருவர் ஸ்டூடியோ படமும் இன்னொருவர் ஆதார் படமும் கொடுக்கும் நிலை வராது.

48 பக்கம்

ஏ4 அளவு, நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின் முறை. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 48 உள் பக்கம் இப்படிப் பிரியும்: தலைப்பு 1, மலர்க் குழு 1, தலைமையாசிரியர் மற்றும் வகுப்பாசிரியர் வாழ்த்து 2, ஆண்டு வரிசை 6, ஊர்ப் படம் 2, மாணவர் பக்கம் ஒன்றுக்கு மூவர் வீதம் 21, குழுப்படம் 2, உடன் படித்தவர்கள் 1, ஆசிரியர்களும் பணியாளர்களும் 4, நினைவுப் பகுதிகள் 4, கையெழுத்து வாங்க வெற்றுப் பக்கம் 4.

குழுப்படம் 24, 25-ஆம் பக்கங்களில் வர வேண்டும். 48 பக்கத்தில் ஒரே தாளாக விரிவது அந்த இரண்டு மட்டுமே. வேறெங்கு வைத்தாலும் பாதிப் படம் ஒரு தாளில், மறுபாதி வேறொரு தாளில் அச்சாகி நிறமும் கோடும் விலகும்.

தாள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படத்துக்கு ஆர்ட் பேப்பர் நல்லது; ஆனால் அதன் மேல் ஜெல் பேனா காயாது, கை பட்டால் இழுகும். ஆட்டோகிராப் வாங்கும் பக்கம் மேப்லித்தோவாக, அதாவது பளபளப்புப் பூச்சு இல்லாத தாளாக இருக்க வேண்டும். சென்டர் பின் முறையில் நினைத்த இடத்தில் தாளை மாற்ற முடியாது. முன்னால் எத்தனை பக்கம் மாறுகிறதோ பின்னாலும் அத்தனை மாறும். மேலே சொன்ன பிரிப்பில் முதல் நான்கு பக்கம் தலைப்பும் வாழ்த்தும், கடைசி நான்கு கையெழுத்துப் பக்கம். ஆகவே வெளி எட்டுப் பக்கத்தை 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) மேப்லித்தோவிலும், உள்ளே இருக்கும் 40 பக்கத்தை 100 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரிலும் போடச் சொல்லலாம். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேலே மேட் லேமினேஷன். பளபளப்பு லேமினேஷனில் கைரேகை விழும்.

எல்லாப் பக்கமும் வெளி ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி வடிவமைக்க வேண்டும். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்தும் முகமும் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது நடுத் தாள்கள் வெளியே தள்ளும், அவற்றை அதிகமாக வெட்டுவார்கள். 64 பக்கத்துக்கு மேல் போனால் சென்டர் பின் வாய் பிளந்து நிற்கும். அப்போது முதுகில் பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங், உள் ஓரம் 20 மில்லிமீட்டர்.

எழுத்துரு

தட்டச்சு எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். சில டிடிபி மையங்களில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய முறையில்தான் வேலை ஓடுகிறது. அதற்கு மாற்றும்போது ஸ்ரீ, ஜ, ஷ, க்ஷ எழுத்துகளும் மேற்கோள் குறியும் எண்களும் கெட வாய்ப்பு அதிகம். "ஹரிஷ்", "ஜெயஸ்ரீ", "லக்ஷ்மி" இருக்கும் வகுப்பில் இது பெரிய விஷயம். மாற்றியே ஆக வேண்டும் என்றால், மாற்றிய பிறகு பெயர்களை மட்டும் மறுபடி முழுதாகச் சரிபாருங்கள். இன்டிசைனில் யூனிகோடு ஓட்டினால் வேர்ல்ட் ரெடி காம்போசர் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மறந்தால் "கொ" என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம், அச்சில் தெளிவாக வரும். உள்ளே வரும் எழுத்து 11 பாயிண்ட், வரி இடைவெளி 16. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடது ஓரம் மட்டும் சேர்ந்திருந்தால் போதும்.

மெய்ப்பு

மூன்று வாசிப்பு, மூன்று வேறு வேறு ஆட்கள், தாளில் அச்செடுத்து. முதல் ஆள் முழுவதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டாவது ஆள் கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆள் படமும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்; ஒன்பதாவதிலோ பிளஸ் ஒன்னிலோ சேர்ந்தவர்களையும் நன்றாக அறிந்தவராக இருக்கட்டும். தமிழாசிரியரிடம் காட்டினால் சந்திப் பிழையும் ன, ண, ல, ள, ழ மயக்கமும் தீரும். வட்டார வழக்கை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அச்சகம் தரும் கடைசி மெய்ப்பில் பொறுப்பாசிரியர் தேதியிட்டுக் கையெழுத்திட்ட பிறகு எந்தத் திருத்தமும் தொலைபேசியில் சொல்லக் கூடாது.

பணம்

எண்ணிக்கை முதலில்: மாணவர் 63, ஆசிரியர் 14, இடையில் போனவர்களில் கேட்பவர்கள், பணியாளர்கள், பள்ளி நூலகத்துக்கு 2, அதற்கு மேல் பத்துப் படி. ஏறத்தாழ 110 வரும். இந்த அளவுக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். ஆப்செட்டில் பிளேட் செலவு படி எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை, அதனால் சில நூறு படிகளுக்கு மேல் போனால்தான் ஒரு படியின் விலை இறங்கும். இரண்டு அச்சகத்தில் எழுத்து மூலம் விலை வாங்கி, தாள், லேமினேஷன், பின், போக்குவரத்து, வரி எல்லாம் அடங்கியதா என்று கேளுங்கள்.

பங்குத் தொகையைத் திரட்டும்போது பெயர் எழுதாத உறைகளில் வாங்குங்கள். எல்லாரும் உறை கொடுப்பார்கள். உள்ளே முழுத் தொகை இருக்கலாம், பாதி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். யார் கொடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. கரும்பலகையில் பாக்கிப் பட்டியல் எழுதினால் அந்தப் பிள்ளை மலரே வேண்டாம் என்று சொல்லிவிடும். குறையும் தொகையை முன்னாள் மாணவர்களிடமோ, பின் அட்டையின் உட்பக்கத்தில் நன்றி சொல்லிக் கடைக்காரர்களிடமோ பெறலாம். பணத்தை ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் சேர்ந்து எண்ணி, மூவரும் கையெழுத்திட்டுக் கணக்கு எழுதுங்கள்.

கையில் சேர்ப்பது

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் சரியான நேரம். கையெழுத்து வாங்கிக்கொள்ள எல்லாரும் சேர்ந்திருக்கும் கடைசி நாட்கள் அவை. அச்சானதை வாங்கும்போதே பத்துப் படியைப் பிரித்துப் பாருங்கள். பக்கம் மாறியிருக்கலாம், பின் விலகியிருக்கலாம். அன்று சொன்னால்தான் மாற்றித் தருவார்கள். வராதவர்களின் படிகளைப் பெயர் எழுதிய உறையில் போட்டு, மாற்றுச் சான்றிதழ் தரும் நாளில் கொடுக்கும்படி அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வாங்கியவர் கையெழுத்திட ஒரு தாளும் உறைகளோடு இருக்கட்டும்.

நூலகப் படி இரண்டுக்கும் சேர்க்கை எண் போட்டு, ஆண்டை அட்டையிலும் முதல் பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். எண் போடாத மலர் அடுத்த ஆண்டு அலமாரி துடைக்கும்போது காணாமல் போகும். பிடிஎஃப், மூலப் படங்கள், 16 ஒலிப்பதிவுகள் மூன்றையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்று பள்ளி அலுவலகத்திலும் மற்றொன்று ஊரிலேயே தங்கப்போகும் ஒருவரின் வீட்டிலும் இருக்கட்டும். பென்டிரைவ் பல ஆண்டு தூங்கினால் கெட்டுப்போகும், ஆகவே மின்னஞ்சல் கணக்கு ஒன்றின் சேமிப்பிலும் ஏற்றி, அதன் கடவுச்சொல்லைக் குறைந்தது மூன்று பேர் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, வகுப்பு, ஊர்க் குழு என்ற வரிசையில் வையுங்கள். "புதிய பதிவு 7" என்று கிடந்தால் அதில் யார் குரல் இருக்கிறது என்று பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து கேட்க வேண்டியிருக்கும்.